நேராக நிற்கும் சமநிலை: வீட்டில் சோதிக்கவும் பயிற்சி செய்யவும் முழுமையான வழிகாட்டி

"பேலன்ஸ் இல்லை, நிற்கும்போதே தள்ளுகிறது" என்று பெரியவர்கள் சொன்னால் வீட்டில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "கால் பலவீனம், நல்லா நடங்க." அது பாதி பதில்கூட இல்லை. உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குத் தெரிந்தால்தான் தசையால் அதைத் திருத்த முடியும். அந்தத் தகவல் எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்காமல் நேராக ஒற்றைக்கால் பயிற்சியில் இறங்குபவர்கள் ஒன்று பயந்து விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் விழுகிறார்கள்.

பினாங்கில் பெரியவர்களுக்குக் காலைப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, புதிதாக வருபவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அமைந்த வரிசை இது. 60 வயதைக் கடந்தவர்களுக்கும் அவர்களோடு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். ஒரு படியில் கிடைக்கும் விடையை வைத்துத்தான் அடுத்த படி.

1. யார் உடனே தொடங்கக் கூடாது

தள்ளாட்டத்தோடு முகம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் துவள்வது, பேச்சு குழறுவது ஆகியவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் பயிற்சி, சோதனை எதுவும் வேண்டாம். மலேசியாவின் அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

கடந்த ஒரு வருடத்தில் இரண்டு முறை விழுந்தவர்கள், ஒரே முறை விழுந்தாலும் அடிபட்டவர்கள், மயங்கி விழுந்தவர்கள் முதலில் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானுக்கோ (அரசு சுகாதார நிலையம்) வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமோ போக வேண்டும். போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், கடையில் நீங்களாக வாங்கியவை, நாட்டு மருந்து உட்பட. தூக்க மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள், தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மாத்திரை என்று தள்ளாட்டம் தரும் மருந்துகள் பல உண்டு. ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டில் ரத்த அழுத்தக் கருவி இருந்தால் ஒரு சோதனை. 5 நிமிடம் படுத்திருந்து அளவெடுங்கள். எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடி எடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதை எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். எழுந்ததும் மூளைக்குப் போகும் ரத்தம் குறைவதால் வரும் தடுமாற்றம் இது. கீழே சொல்லும் பயிற்சிகள் இதைத் தீர்க்காது.

இன்னொன்று. படுக்கையில் புரளும்போது அறையே சுற்றுகிறது, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது என்றால், உட்காதில் இருக்க வேண்டிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறிப் பக்கத்துக் குழலுக்குள் போயிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி டாக்டரோ ஃபிசியோவோ (இயன்முறை சிகிச்சையாளர்) அதைச் சரிசெய்வார்கள், பலருக்கு ஓரிரு அமர்விலேயே தீர்ந்துவிடும். யூடியூப் பார்த்து வீட்டில் செய்பவர்கள் உண்டு. எந்தக் காது, எந்தக் குழல் என்று தெரியாமல் செய்தால் பெரும்பாலும் தலைசுற்றல்தான் மிச்சம்.

2. மூலை, நாற்காலி, துணைக்கு ஒருவர்

சுவரும் சுவரும் சேரும் மூலையில், முதுகு மூலையைப் பார்க்க நில்லுங்கள். பின்னாலும் இரு பக்கமும் சுவர் இருப்பதால் சாய்ந்தாலும் தரைக்குப் போக மாட்டீர்கள். முன்னால் சாப்பாட்டு மேசையின் கனமான நாற்காலி ஒன்று, அதன் முதுகுப்பக்கம் உங்களைப் பார்த்திருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். டைல்ஸ் தரையில் பிடித்த கையோடு சேர்ந்து அதுவும் வழுக்கிப் போகும்.

வெறுங்காலோடு செய்யுங்கள், காலுறையும் வேண்டாம். பாதத்தின் தோல் தரையைத் தொட வேண்டும், காரணம் அடுத்த பகுதியில் வருகிறது. பாதத்தில் புண் இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். பசியாறி அரை மணி நேரம் கழித்த காலை வேளை நல்லது. இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் நிற்கவே கூடாது.

துணைக்கு நிற்பவர் செய்யும் தவறு எல்லா வீட்டிலும் ஒன்றேதான்: அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொள்வது. அப்படிப் பிடித்தால் நீங்கள் அளப்பது அம்மாவின் சமநிலையை இல்லை, உங்களுடையதை. பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி நின்று, இரண்டு கையையும் அவர் இடுப்புக்கு அருகே தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

3. நிற்கும்போது உள்ளே நடப்பது

பொறுமையாகப் படியுங்கள். இது புரியாமல் செய்தால் பின்னால் வரும் சோதனைகள் வெறும் எண்களாகிவிடும்.

அசையாமல் நிற்பவர் யாருமில்லை. நிற்கும் உடல் ஓயாமல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆடிக்கொண்டே இருக்கும். உடலின் ஈர்ப்பு மையம் தொப்புளுக்குக் கீழே, இடுப்புக்குள் இருக்கிறது. அதிலிருந்து நேர்கீழே ஒரு கோடு போட்டால் அது கணுக்கால் மூட்டுக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் விழும். அதனால் நாம் எப்போதும் முன்பக்கம் மெல்ல விழுந்துகொண்டே இருக்கிறோம், கெண்டைக்கால் தசை பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. உள்ளங்கையில் துடைப்பத்தைச் செங்குத்தாக நிறுத்தி, அது சாயும் பக்கம் கையை நகர்த்தி விளையாடியிருப்பீர்கள். கணுக்கால் செய்வதும் அந்த வேலைதான்.

எந்தப் பக்கம் சாய்கிறது என்ற செய்தி மூன்று இடத்திலிருந்து வருகிறது.

முதலாவது பாதமும் கால்களும். உள்ளங்காலின் தோல், எடை குதிகாலில் இருக்கிறதா விரல்களில் இருக்கிறதா என்று சொல்லும். தசையும் மூட்டும் கணுக்கால் எந்தக் கோணத்தில் மடிந்திருக்கிறது என்று சொல்லும். கெட்டியான தரையில் நம்பிக்கையான செய்தி இது. மணலிலோ மெத்தையிலோ கணுக்கால் மடிந்தால் சாய்ந்தது உடலா தரையா என்று அதற்குத் தெரியாது.

இரண்டாவது உட்காது. ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை உணரும். துகள்கள் பதிந்த இரண்டு சிறு பைகள் தலை சாய்வதையும் நேர்கோட்டு வேகத்தையும் உணரும். உட்காதுக்குத் தெரிவது தலையின் நிலை மட்டுமே. கழுத்து மட்டும் சாய்ந்ததா, ஆளே சாய்கிறாரா என்று முடிவு செய்ய, கழுத்திலிருந்தும் கால்களிலிருந்தும் வரும் செய்தியோடு மூளை ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது கண். சுவர், கதவு நிலை போன்ற செங்குத்துக் கோடுகளை வைத்துச் சாய்வைச் சொல்லும். ஆனால் கண் ஏமாறும். பட்டர்வொர்த் ஃபெரி துறையை விட்டுக் கிளம்பும் நொடியில் துறைதான் பின்னால் போகிறது என்று தோன்றுவது அதனால்தான்.

மூளை இந்த மூன்றையும் சமமாக நம்புவதில்லை. நல்ல வெளிச்சம், கெட்டித் தரை, ஆரோக்கியமான ஆள் என்றால் ஏறக்குறைய 70 விழுக்காடு பாதம், கால்களின் செய்தியையும், 20 விழுக்காடு உட்காதையும், 10 விழுக்காடு கண்ணையும் நம்பி நிற்கிறோம். தரை மென்மையானால் பங்கு உட்காதுக்கும் கண்ணுக்கும் மாறும். இருட்டும் சேர்ந்தால் உட்காதுதான் கதி.

நீரிழிவு உள்ளவர்கள் அந்த 70-ஐ இன்னொரு முறை படியுங்கள். மலேசியாவில் இனவாரியாகப் பார்த்தால் நீரிழிவு இந்தியர்களிடம்தான் அதிகம். பல வருட நீரிழிவில் பாத நரம்பு மழுங்கும்போது வலியே இல்லாமல் அந்தச் செய்தி குறைந்துவிடும். மூளை சத்தமில்லாமல் கண் பக்கம் சாய்ந்துகொள்ளும். பகலில் எந்தத் தொல்லையும் தெரியாது. குளியலறையில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது, தலைவழியாகச் சட்டையைக் கழற்றும்போது, இரவில் விளக்குப் போடாமல் எழும்போது தள்ளும். "அப்பா குளிக்கிறப்ப மட்டும் தடுமாறுறார்" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது பாதத்தைப் பற்றித்தான்.

கடைசியாக ஒன்று. பாதத்தின் செய்தி மூளைக்குப் போய், முடிவாகி, தசைக்குத் திரும்ப 0.1 முதல் 0.2 விநாடி வரை ஆகிறது. அந்த இடைவெளிக்குள் உடல் கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஆட்டம் முழுவதும் நிற்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தத் தாமதத்தைச் சமாளிக்க மூளை முன்கூட்டியே வேலை செய்யும். மேல் தட்டிலிருக்கும் டப்பாவுக்குக் கையைத் தூக்குமுன்பே கால்தசைகள் இறுகிவிடும். எதிர்பாராமல் யாராவது இடித்தால் நாம் அதிகம் தடுமாறுவதும் இதனால்தான், முன்னேற்பாட்டுக்கு நேரமில்லை.

4. முதல் அளவு: நான்கு நிலைகள்

கண் திறந்திருக்கட்டும், பிடிக்க வேண்டாம், ஒவ்வொன்றும் 10 விநாடி. கைப்பேசியின் டைமரை வையுங்கள். வாயால் எண்ணினால் கஷ்டமான நிலைகளில் எண்ணிக்கை தானாக வேகமாகிவிடும்.

அ. இரண்டு பாதமும் ஒட்டி.
ஆ. ஒரு பாதத்தின் உட்புற வளைவு மற்றதன் பெருவிரலைத் தொடும்படி சற்று முன்னால்.
இ. ஒரே கோட்டில், முன்பாதத்தின் குதிகால் பின்பாதத்தின் விரல்களைத் தொட.
ஈ. ஒற்றைக்கால்.

எந்த நிலையில் 10 விநாடி முடியவில்லையோ அங்கேயே நிறுத்திவிடுங்கள், அடுத்ததற்குப் போகாதீர்கள். மூன்றாவது நிலையில் 10 விநாடி நிற்க முடியாத பெரியவர்களுக்கு விழும் ஆபத்து கூடுதல். அவர்கள் ஃபிசியோ ஒருவரை ஒருமுறையாவது பார்த்துவிட்டுத் தொடர்வது நல்லது.

கால்கள் நெருங்க நெருங்கப் பக்கவாட்டில் தாங்கும் பரப்பு குறைகிறது, அதே ஆட்டத்துக்கு இடம் போதாமல் போகிறது. இந்த வரிசையின் தர்க்கம் அவ்வளவுதான்.

புதியவர்கள் நான்கு தவறு செய்வார்கள்: பாதத்தைக் குனிந்து பார்ப்பது, மூச்சைப் பிடிப்பது, முழங்காலைப் பின்னுக்குப் பூட்டுவது, பற்களைக் கடிப்பது. கண் மட்டத்தில் சுவரில் ஒரு நாள்காட்டியை மாட்டி அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதியாவது சரியாகிவிடும்.

5. எந்தச் செய்தி குறைகிறது என்று கண்டுபிடிப்பது

முதல் நிலையை எளிதாக முடித்தவர்கள் மட்டும் இதைச் செய்யலாம். பாதம் ஒட்டி, கைகளைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி 30 விநாடி. ஆட்டம் கூடும், எல்லோருக்கும் கூடும், அது குறையில்லை. கால் நகர்ந்தால், கண் தானாகத் திறந்தால், சுவரில் சாய்ந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணை எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் பாதமும் உட்காதும் போதவில்லை என்று பொருள்.

அடுத்து, இரண்டில் எது என்று பார்க்கப் பாதத்தைத் தனியாகச் சோதிப்போம். பெரியவரைக் கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆட்காட்டி விரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, இரண்டு காலிலும், ஓரிரு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. தொட்டது தெரிந்ததும் வலம், இடம் என்று சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் பாத உணர்வு குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள். "தெரியுதா மாமா, இப்ப தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே தொடுபவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் எல்லோரும் தெரிகிறது என்றுதான் சொல்வார்கள்.

பாத உணர்வு நன்றாக இருந்தும் கண்ணை மூடினால் தள்ளுகிறதா? உட்காதைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். மெத்தென்ற ஃபோம் பலகை மேல் நிறுத்தி, கண்ணையும் மூடவைத்து அதைச் சோதிக்கும் முறை உண்டு. அதை ஃபிசியோவின் கண்முன்னால் மட்டும் செய்யுங்கள். பாதம், கண் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்துவிடுவதால், உட்காது சரியில்லாதவர் அங்கேயே விழுந்துவிடுவார்.

வீட்டுச் சோதனை சந்தேகத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகும், நோயைச் சொல்வது டாக்டரின் வேலை.

6. கணுக்கால் முதலில், இடுப்பு அப்புறம், எட்டு வைப்பது கடைசியில்

தள்ளாட்டத்தை உடல் மூன்று விதமாகச் சமாளிக்கிறது. சிறிய ஆட்டத்துக்குக் கணுக்கால். அது போதாதபோது, அல்லது நிற்கும் இடம் குறுகலானபோது, இடுப்பை மடக்கி மேலுடம்பை எதிர்ப்பக்கம் வீசுவது. அதுவும் போதாதென்றால் ஓர் எட்டு வைத்துத் தாங்கு பரப்பையே பெரிதாக்குவது.

கணுக்காலுக்கு: நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குதல், பிறகு விரல்களைத் தூக்கி இறக்குதல், பத்துப் பத்து முறை. அப்புறம் இரண்டையும் தரையிலேயே வைத்து, உடலை ஒரே பலகைபோல முன்னும் பின்னும் மெதுவாகச் சாய்த்தல். இடுப்பை மடக்கிவிட்டுச் சாய்ந்துவிட்டதாக நினைப்பது இங்கே வழக்கமான தவறு, பக்கவாட்டிலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள், தசைக்கு அதைவிட நல்லது வீட்டில் இல்லை.

இடுப்புக்கு: சுவரிலிருந்து அரை அடி தள்ளி, சுவருக்கு முதுகு காட்டி நின்று, பிட்டத்தால் சுவரைத் தொட்டுத் திரும்புங்கள். பழகப் பழகக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

எட்டு வைப்பதுதான் வாழ்க்கையில் காப்பாற்றுகிறது, அதைத்தான் யாரும் பழகுவதில்லை. முன்னால், பக்கவாட்டில், பின்னால் ஒரே ஒரு பெரிய எட்டு வைத்து நின்று, திரும்புங்கள். வயதாக ஆக ஒரு பெரிய எட்டுக்குப் பதில் தத்தித் தத்திப் பல சிறிய எட்டுகள் வைக்கும் பழக்கம் வரும், பயிற்சி மாற்ற வேண்டியது அதைத்தான். பக்கவாட்டு எட்டுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். பக்கவாட்டில் விழும்போது அடி நேராக இடுப்பெலும்பில் படுகிறது, முறிவு அப்படித்தான் வருகிறது.

7. பிடியை எப்படி விடுவது

ஒரே நாளில் கையை விடாதீர்கள். இரண்டு கை, ஒரு கை, ஒரு விரல் நுனி, அப்புறம் விரல் நாற்காலிக்கு மேலே தொடாமல் மிதப்பது என்று இறங்குங்கள்.

விரல் நுனிப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் பெரிய வசதி ஒன்றை இழக்கிறார்கள். 100 கிராம் எடைக்கும் குறைவான அழுத்தத்தில் விரல் நுனியால் நிலையான ஒன்றைத் தொட்டாலே உடலின் ஆட்டம் தெளிவாகக் குறைகிறது. அந்த அழுத்தம் யாரையும் தாங்காது. விரலின் தோல் மூளைக்கு நான்காவது செய்தியைத் தருகிறது, அவ்வளவுதான். பாத உணர்வு குறைந்தவர்களுக்குக் குளியலறையில் ஒரு விரல் சுவரில் இருப்பது இந்தக் கணக்கில்தான். கைத்தடியின் பயனிலும் ஒரு பங்கு இதுவே, "தடி பிடிக்கிற வயசா எனக்கு?" என்று மல்லுக்கு நிற்பவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

8. தலையைத் திருப்பி, பேசிக்கொண்டே

வீட்டுக்குள் நேராகப் பார்த்து நிற்பது சுலபம். விழுவது பெரும்பாலும் திரும்பும்போதும் கவனம் வேறெங்கோ போகும்போதும்தான்.

நான்காம் பகுதியின் இரண்டாவது நிலையில் நின்று, நாள்காட்டியின் தேதியைப் பார்த்தபடியே தலையை மட்டும் வலமும் இடமும் மெதுவாகத் திருப்புங்கள். எழுத்து மங்கக் கூடாது. மங்கினால் வேகத்தைக் குறையுங்கள். தலை அசைந்தாலும் பார்வை நிலைக்கச் செய்வது உட்காதின் வேலை, அதைத்தான் பழக்குகிறோம்.

அது வந்த பிறகு, நின்றபடி 100-லிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லுங்கள், அல்லது அசுவினி பரணி என்று 27 நட்சத்திரங்களையும் வரிசையாக. கவனம் பங்கு போடப்படும்போது நிற்பது எவ்வளவு கெடுகிறது என்று தெரியும். நடந்துகொண்டிருக்கும் பெரியவர் யாராவது பேச்சுக் கொடுத்ததும் நின்றுவிட்டால், நடப்பதற்கே அவருடைய கவனம் முழுவதும் செலவாகிறது என்று அர்த்தம். படியில் இறங்குபவரைப் பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள்.

9. வீட்டுக்கு வெளியே

ஜார்ஜ்டவுனில் அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னாலுள்ள கூரையிட்ட நடைபாதையில், நடந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒவ்வொரு கடை வாசலும் ஒவ்வொரு உயரம், நடுவே மோட்டார் சைக்கிள், மழை பட்ட வழவழப்பான டைல்ஸ். இதில் பலரும் கவனிக்காதது வெளிச்சம். கொளுத்தும் வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்ததும் கண் பழகச் சில விநாடிகள் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கூடுதல். நுழைந்ததும் நில்லுங்கள், ஒரு விரலைத் தூணில் வையுங்கள், அப்புறம் நடங்கள்.

படிக்கும் தூரத்துக்கும் சேர்த்துச் செய்த கண்ணாடி போட்டிருந்தால், கீழே பார்க்கும்போது பாதத்துக்கு முன்னாலுள்ள படி மங்கலாகத் தெரியும். வெளியே போக, தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி நல்லது. கண் டாக்டரிடம் கேளுங்கள்.

தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளில் ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். கவனம் வேண்டியது இறங்கும்போது. ஒவ்வொரு படியிலும் உடல் எடையை ஒற்றைக்கால் தாங்கி மெதுவாக இறக்க வேண்டும், களைத்த தொடை அதைச் செய்யாது. கைப்பிடிப் பக்கமாகவே இறங்குங்கள், கூட்டம் தள்ளினால் ஒதுங்கி நில்லுங்கள்.

பஸ்ஸில் நிற்க நேர்ந்தால் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும், பஸ் போகும் திசையிலேயே வையுங்கள். பிரேக்கும் வேகமும் அந்தத் திசையில்தான் தள்ளும். காலைப் பயிற்சிக்குத் தாவரவியல் பூங்கா அருமையான இடம், ஆனால் குரங்குகளின் கண்ணில் படும்படி உணவுப் பொட்டலம் எடுத்துப் போகாதீர்கள். பையைப் பிடுங்க வரும் குரங்கை விரட்டுவது இந்த வழிகாட்டியில் இல்லாத பயிற்சி.

10. எத்தனை நாள், எப்போது மறுபடி அளப்பது

பெரியவர்கள் வாரத்தில் 3 நாளாவது சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. விழுவதைக் குறைக்க, வாரத்துக்கு மொத்தம் 3 மணி நேரம் வரும்படி பார்த்துக்கொண்டால் பலன் அதிகம். ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. சோறு வேகும் நேரத்தில் அடுப்படி மேடையைத் தொட்டபடி நின்றாலும் கணக்கில் வரும்.

பயிற்சி கொஞ்சம் ஆட வைக்க வேண்டும். ஆடவே இல்லையென்றால் அது சுலபமாகிவிட்டது, பிடியைக் குறையுங்கள் அல்லது பாதத்தை நெருக்குங்கள். ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது தள்ளியது என்று தெரியாமல் போகும்.

6 வாரம் கழித்து நான்காம் பகுதியின் சோதனையை அதே மூலையில், அதே வெளிச்சத்தில், அதே வேளையில் திரும்பச் செய்து பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். முன்னேற்றமே இல்லையென்றாலும், முன்பைவிடக் குறைந்தாலும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஃபிசியோவிடம் போங்கள். அளவு கூடியிருந்தால் தொடருங்கள். நிறுத்தினால் கிடைத்த பலன் மெல்லக் கரைந்துவிடும். பயிற்சி நடுவே நெஞ்சு வலி, தலைசுற்றல், புதிதாக மரத்துப்போவது எதுவந்தாலும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, அன்றைக்கு அதோடு நிறுத்தி டாக்டரிடம் சொல்லுங்கள். உட்கார்ந்தும் நெஞ்சு வலி விடவில்லை என்றால் 999.